வெளியே ஏற்பட்ட ஓர் இடையூறு

பஸ் போன பிறகு அந்த மலைச்சரிவில் ருக்மலியும் அவளுடைய பெட்டியும் தூறலும் மட்டுமே மிஞ்சின. உடகந்த பல்கலைக்கழகத்தின் பெரிய கேற்றைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கி மூன்றாவது வாரம். மாணவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அவள் சங்கிலியை இரண்டு தடவை ஆட்டியதும், காவற்கூண்டுக்குள்ளிருந்து ஒரு குடையும் அதன் கீழே வெற்றிலை போட்ட வாயும் வெளிப்பட்டன.

"கொழும்பு மிஸ்தானே? வாங்க, வாங்க. நான் முதியான்சே. நானும் வேலைநிறுத்தத்துலதான் இருக்கேன். ஆனா கேற்றை யார் பாக்கிறது? அதனால காலையில வேலை, பின்னேரம் நிறுத்தம்."

ருக்மலி சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, கடைசியாக எப்போது சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. பழைய ஆவணங்களை ஒழுங்குபடுத்திப் பட்டியல் போடுவது தொழில். பெப்ரவரியில் அம்மா காலமானதிலிருந்து நுகேகொட வீட்டில் ரேடியோவைத் தவிர அவளோடு பேச யாரும் இல்லை. சில சனிக்கிழமைகளில், தன் குரல் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகவே, தெரிந்த சாமானுக்குக் கடையில் மறுபடியும் விலை கேட்டிருக்கிறாள். அதனால்தான் மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய இந்த மலைநாட்டு வேலையை உடனே ஏற்றுக்கொண்டாள்.

வேலை சிக்கலானதல்ல. கலைப்பீடத்துக்கு அடுத்த வருடம் ஐம்பது வயது. நினைவு மலர் வெளியிடப்போகிறார்கள். எண்பத்தேழாம் வருடம் முதல் தொண்ணூறாம் வருடம் வரையான பெட்டிகளை மட்டும் இதுவரை யாரும் திறக்கவில்லை. மாணவர் போராட்டத் துண்டுப்பிரசுரங்கள், கோரிக்கை மகஜர்கள், அவற்றுக்கு ஆசிரியர்களின் பீடச் சபை சொன்ன பதில்கள், சபைக் கூட்டங்களின் நடவடிக்கைகளைப் பதிந்த கூட்டறிக்கைகள் என்று பதினாறு பெட்டி.

"தீர்மானங்களை மட்டும் எடுத்து வைங்க மிஸ். மற்றக் குப்பையெல்லாம் கிழிச்சுப் போட்டுடலாம்" என்று பதிவாளர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

பெட்டிகள் இருந்த கட்டிடம் ஒருகாலத்தில் தேயிலைத் துரை ஒருவனின் பங்களா. பிறகு பீடத்தின் தலைமை அலுவலகக் கந்தோராக இருந்தது. இப்போது வேண்டாத பொருள்களின் கிடங்கு. நீளமான ஒரு நடை. நடையின் கோடியில் கனத்த தேக்குக் கதவு. கதவுக்கு வெளியே, சுவரோடு ஒட்டி, உட்காருவதற்கு, சாய்மானம் இல்லாத ஒரு மரவாங்கு. கதவுக்கு உள்ளே சபை அறை. பன்னிரண்டு நாற்காலிகள் சூழ்ந்த நீள்வட்ட மேசை. சன்னலுக்கு வெளியே மூடுபனி, அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லாததுபோல, வெள்ளையாக நின்றது.

"இங்க பாம்பு கிடையாது மிஸ். பூரான்தான். பூரான் பதவி உயர்வு கேக்காது, அதனால பயப்படாதீங்க." முதியான்சே சாவியை மேசையில் வைத்தான். பிறகு வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "மூன்றரைக்கு நான் கீழ இறங்கிடுவேன். நீங்களும் இறங்கிட்டா நல்லது."

"ஏன்?"

"மழை" என்றான் முதியான்சே. மழை காலையிலிருந்தே பெய்துகொண்டிருந்தது.

முதல் நாள் அவள் பெட்டிகளைத் துடைத்து வரிசைப்படுத்துவதில் நேரம் போனதைக் கவனிக்கவில்லை. தகரக் கூரையில் மழை, பழைய காகிதத்தின் புளிப்பு வாசனை, தூரத்தில் ஒரு நாயின் குரைப்பு. மூன்றரைக்கு முதியான்சேயின் செருப்புச் சத்தம் படிகளில் இறங்கிப் போயிற்று. அதற்குப் பிறகு அந்த மலையில் தான் மட்டும்தான் என்பது அவளுக்குத் தோளில் குளிர்போலத் தெரிந்தது. பழகிய குளிர்தான்.

சற்று நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

மூன்று தட்டு. மரியாதையான தட்டு. விரல் மடக்கி, உள்ளே இருப்பவர்களுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாதே என்று பயந்து தட்டுகிற தட்டு.

"திறந்துதான் இருக்கு, வாங்க" என்றாள் ருக்மலி, தலை நிமிராமலே. முதியான்சே எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்திருப்பான் என்று நினைத்தாள்.

யாரும் வரவில்லை.

எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். நடை வெறுமையாகக் கிடந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பத்து.

மறுநாளும் நாலு பத்துக்குத் தட்டினார்கள். இந்தத் தடவை அவள் உடனே எழுந்து திறந்தாள். நடையில் ஒருவரும் இல்லை. ஆனால் வாங்கில், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு, மரம் நனைந்து கறுத்திருந்தது. அதன் நுனியிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. மேலே பார்த்தாள். கூரை ஒழுகவில்லை. ஈரத்துணி வாசனையும், அதற்குள்ளே வேறொரு வாசனையும் வந்தன. அது என்னவென்று பிடிபடச் சிறிது நேரமாயிற்று. ரோனியோ மெஷினில் துண்டுப்பிரசுரம் அடிக்கிற மை. அந்த மை இந்த நாட்டில் உபயோகத்திலிருந்து போய் எத்தனையோ காலமாகிவிட்டது.

அன்றிரவு விருந்தினர் விடுதியில் முதியான்சேயின் மனைவி அனுப்பிவைத்த பாண் ரொட்டியையும் தேங்காய்ப் பொல் சம்பலையும் தின்றுகொண்டே, 'யாரோ வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த எண்ணம் பயமாக இருந்தது. அதேநேரம், தன்னைத் தேடி ஒருவர் வந்தார் என்பதில் ஏதோ ஒரு சிறு ஆறுதலும் இருந்தது. அந்த ஆறுதலை நினைத்துத்தான் அவளுக்கு அதிகம் பயம் வந்தது.

மூன்றாம் நாள் ஒன்பதாம் பெட்டியைத் திறந்தாள்.

அது எண்பத்தொன்பதாம் வருடப் பெட்டி. நாடு முழுக்க இளைஞர்கள் கிளர்ந்தெழுந்திருந்த வருடம். சுவர்களில் இரவோடிரவாகச் சுவரொட்டி முளைக்கும். மறுநாள் இலக்கத்தகடு இல்லாத ஜீப்புகள் வரும். ஏற்றிக்கொண்டு போகப்பட்டவர்கள் திரும்பமாட்டார்கள். ருக்மலி அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளை ஒன்பது மாதம் வீட்டை விட்டு வெளியே விடவில்லை.

ஆகஸ்ட் மாதக் கூட்டறிக்கையோடு ஒரு கடிதம் குத்தப்பட்டிருந்தது. கொப்பியிலிருந்து கிழித்த தாள், நீல மை, அழகான கையெழுத்து.

'மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு. நேற்று விடுதியிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுபோய்விட்டார்கள். இன்றும் வருவார்கள் என்று கேள்விப்படுகிறோம். நீங்கள் வந்து எங்கள் வாசலில் நின்றால் உள்ளே நுழையத் தயங்குவார்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வந்து நின்றால் போதும். பதிலுக்காக வெளியே காத்திருக்கிறேன். உபுல் தென்னகோன், மூன்றாம் வருடம், மாணவர் சங்கச் செயலாளர்.'

அதன் பின்னால் தட்டச்சில் கூட்டறிக்கை. அவள் விரலை வைத்து வாசித்துக்கொண்டு போனாள்.

'ஆறாம் விடயம்: மாணவர் சங்கத்தின் கடிதம். குறித்துக்கொள்ளப்பட்டது.

பி.ப. 4.10க்கு வெளியே ஏற்பட்ட ஓர் இடையூறு காரணமாகக் கூட்டம் ஐந்து நிமிடம் இடைநிறுத்தப்பட்டது.

ஏழாம் விடயம்: பூப்பந்து மைதானத்துக்கு மின்விளக்கு. ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.'

அவ்வளவுதான். உபுல் தென்னகோன் என்ற பெயர் அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் இல்லை.

செப்டெம்பர் அறிக்கையைப் புரட்டினாள். பாடத்திட்டம், பரீட்சைத் தேதி, விடுமுறை. நடுவிலே ஒரு வரி:

'பி.ப. 4.10க்கு வெளியே ஏற்பட்ட ஓர் இடையூறு காரணமாகக் கூட்டம் ஐந்து நிமிடம் இடைநிறுத்தப்பட்டது.'

ஒக்டோபரிலும் அதே வரி. நவம்பரிலும். டிசம்பர் விடுமுறை. அடுத்த வருடப் பெட்டியை எடுத்தாள்; ஜனவரியில் மறுபடியும். சொல் மாறவில்லை, நேரம் மாறவில்லை. மார்ச் மாத அறிக்கையில் கடைசித் தீர்மானம் இப்படி இருந்தது: 'இனிச் சபைக் கூட்டங்களைப் புதிய கட்டிடத்தில் நடத்துவதென ஏகமனதாக முடிவாயிற்று. காரணம் பதியப்படவில்லை.'

ருக்மலி கையை மேசையிலிருந்து எடுத்தாள். படித்த பன்னிரண்டு பேர் இந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மாதத்துக்கு ஒருதரம், வாய் திறவாமல் ஐந்து நிமிடம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவளும் இப்போது கதவைப் பார்த்தாள்.

நாலு மணி ஒன்பது நிமிடம்.

மழை நின்றுவிட்டது. கூரையிலிருந்து கடைசித் துளி விழுந்த சத்தம்கூடக் கேட்டது.

மூன்று தட்டு.

அவள் எழவில்லை. எழ முடியவில்லை.

"சேர்..."

இளம் குரல். கிசுகிசுப்பு. கதவின் இடுக்கில் வாயை வைத்துப் பேசுவதுபோல.

"சேர், நான் உள்ள வந்து உக்காந்துக்கட்டுமா? ஒரு மூலையில... கீழ ஜீப் வந்து நிக்குது, சேர்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நடையின் தூரக் கோடியில் சப்பாத்துச் சத்தம். ஒருவர் அல்ல. அவசரமில்லாத நடை. வாங்கு இழுபடும் சத்தம். யாரோ ஒருவருடைய கால் தரையில் தேய்ந்து தேய்ந்து போகிற சத்தம்.

"சேர்!"

அது கிசுகிசுப்பு இல்லை.

பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. ருக்மலி மெல்ல எழுந்து கதவைத் திறந்தபோது வாங்கு அதன் இடத்தில் இருந்தது. நடை காலியாக இருந்தது. கதவு நிலையில், நெஞ்சளவு உயரத்தில், நான்கு ஈரவிரல்களின் தடம் பக்கவாட்டில் நீளமாக இழுபட்டிருந்தது.

காலையில் காவற்கூண்டில் முதியான்சே அவள் முகத்தைப் பார்த்ததும் பிளேன்டீயை ஊற்றி, கித்துள் கருப்பட்டித் துண்டொன்றைக் கையில் வைத்தான்.

"கேட்டுட்டீங்க" என்றான்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்புவீங்களா? குடிகாரக் காவல்காரன்னு பதிவாளர்கிட்டச் சொல்லுவீங்க. அவருக்கு ஏற்கெனவே அந்தச் சந்தேகம் இருக்கு." அவன் வெற்றிலையைத் துப்பினான். "தீமை ஒண்ணும் செய்யாது மிஸ். கேக்கும், அவ்வளவுதான். கேட்டுக்கிட்டு இருக்கத்தான் முடியல."

"அந்தக் கூட்டத்துல இருந்தவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?"

"ஒருத்தர் இருக்கார். அம்பன்வெல மாத்தயா. பேராசிரியர். அப்ப சபைக்குச் செயலாளர். பின்பக்கச் சந்து ஒழுங்கையில கடைசி வீடு. மகள் ஆஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டா, போகல. கண்டிக்குக்கூடப் போறதில்ல. ஆனா ஒண்ணு பாருங்க, வீடு இங்கேருந்து இருநூறு மீற்றர்தான். இந்தக் கேற்றுக்குள்ள மட்டும் கால் வைக்க மாட்டார்."

பேராசிரியர் ஹெக்டர் அம்பன்வெலவுக்கு எண்பத்தொரு வயது. வாசற்கதவைத் திறந்தவர், அவள் கையிலிருந்த ஆகஸ்ட் மாதக் கோப்பைப் பார்த்தார். அவளை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அவரே முதலில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கிழிச்சுப் போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன்" என்றார்.

"கிழிக்கத்தான் சொன்னாங்க, சேர். நான் கிழிக்கல."

அவள் கோப்பைத் திறந்து நீட்டினாள். அவர் அதைத் தொடவில்லை.

"அந்தக் கூட்டறிக்கையை எழுதினது நான்தான், மகள். 'குறித்துக்கொள்ளப்பட்டது.' நல்ல சொல். எழுதிட்டா எல்லாம் முடிஞ்சமாதிரி இருக்கும். கூட்டம் தொடங்கிறதுக்கு முன்னால அவன் என்கிட்டத்தான் வந்தான். தலையெல்லாம் மழை. 'சேர், பதில் வரைக்கும் நான் உள்ளேயே உக்காந்திருக்கட்டுமா'ன்னு கேட்டான். நான் சொன்னேன், மாணவர்களுக்கு அனுமதி இல்ல, வாங்குல இரு, கூப்பிடுறேன்னு."

"கூப்பிட்டீங்களா?"

"கதவுக்குப் பக்கத்து நாற்காலி என்னோடது. கையை நீட்டினா எட்டும். அவன் தட்டினது கேட்டுது. பேசினது கேட்டுது. பன்னிரண்டு பேருக்கும் கேட்டுது. பீடாதிபதி மேசையையே பாத்துக்கிட்டிருந்தார். எல்லாரும் மேசையைத்தான் பாத்தோம். அவன் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா எழுந்திருப்பேனோ என்னவோ. 'சேர்'னுதான் கூப்பிட்டான். பன்னிரண்டு சேர் இருந்தோம். ஒவ்வொருத்தரும் மற்றவரைக் கூப்பிடுறான்னு நினைச்சோம்."

அவர் தன் வாசற்கதவைப் பார்த்தார்.

"அடுத்த மாசம் கூட்டத்துல மறுபடி தட்டினான். அப்பவும் யாரும் எழும்பல. இந்தத் தடவை பயத்துல. ஒரு மாசம்கூட நாங்க அந்தக் கதவைத் திறந்து பாக்கல, மகள். ஒரு மாசம்கூட."

"நான் திறந்தேன், சேர். யாரும் இல்ல."

"உங்ககிட்ட அவன் கேக்கலையே" என்றார் கிழவர்.

வாசல்வரை வந்த ருக்மலி திரும்பி நின்று மெதுவாகச் சொன்னாள்: "நான் நாளைக்கும் அங்கதான் இருப்பேன், சேர். தனியாத்தான் இருப்பேன். நாலு மணிக்கு."

மறுநாள் மூன்றரைக்கு முதியான்சே இறங்கவில்லை. மூச்சிரைக்க மேலே ஏறிவந்து, "மிஸ், வந்து பாருங்க" என்றான்.

மூடுபனிக்குள்ளிருந்து ஓர் உருவம் குடை பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏறி வந்தது. மூன்று படிக்கு ஒருதரம் நின்றது. அருகில் வந்தபோதுதான் தெரிந்தது. அம்பன்வெல கறுப்புக் கோட் போட்டிருந்தார். அந்துப்பூச்சி அரித்த கோட். கழுத்தில் டை. முடிச்சு சற்றுக் கோணலாக இருந்தது. அவர் கழுத்து அந்தக் காலத்தைவிடப் பாதியாகச் சுருங்கியிருக்க வேண்டும்.

வாங்கைத் தாண்டும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். முதியான்சே அவர் கையைப் பிடித்து அழைத்துப்போய், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருத்தினான்.

"நானும் நிக்கட்டுமா, மாத்தயா?"

"நீ போ, முதியான்சே. இது ஆசிரியர் சபை. அவமானம் எங்களோடது."

முதியான்சே போகவில்லை. படிக்கட்டின் கடைசிப் படியில் போய் உட்கார்ந்து, பௌத்தக் காப்பு மந்திரமான பிரித் ஓதத் தொடங்கினான் என்று பிறகு சொன்னான். உள்ளே எதுவும் கேட்கவில்லை.

இருவரும் காத்திருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ருக்மலி, இந்தப் பக்கம் அவர். நடுவில் அந்த நீல மைக் கடிதம். சன்னலில் வெளிச்சம் வற்றிக்கொண்டே வந்தது. முதலில் ஈரத்துணி வாசனை வந்தது. பிறகு மை வாசனை.

மூன்று தட்டு.

"சேர்..."

அம்பன்வெலவின் முகத்தில் இரத்தம் இல்லை. ருக்மலிக்குத் தானே ஓடிப்போய்க் கதவைத் திறக்க வேண்டும் போலிருந்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சேர், நான் உள்ள வந்து உக்காந்துக்கட்டுமா? ஒரு மூலையில..."

கிழவர் கையை நீட்டினார். உண்மைதான், எட்டியது. கதவு திறந்தது.

"உள்ள வா, மகன்" என்றார். "மூலையில வேண்டாம். என் பக்கத்துல உக்காரு."

வாசலில் யாரும் இல்லை. குளிர் மட்டும் வந்தது. அது அறைக்குள் தயங்கித் தயங்கி நுழைவதை ருக்மலி தன் கணுக்காலில் உணர்ந்தாள். அம்பன்வெலவுக்கு அடுத்த நாற்காலியின் மெத்தை சற்றே அமுங்கியது. அதன் துணி மெல்ல மெல்லக் கறுத்து, ஈரம் பரவியது.

அவர் கதவைச் சாத்தினார்.

"ஆறாம் விடயம்" என்றார், பழைய கூட்டக் குரலில். "வாசிங்க."

ருக்மலி கடிதத்தை வாசித்தாள். 'கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வந்து நின்றால் போதும்' என்ற இடத்தில் அவருடைய கோணல் டையை நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு மூச்சு கேட்டது. அழுது முடித்த பிள்ளை விடுகிற மூச்சு மாதிரி.

அப்போது நடையில் சப்பாத்துச் சத்தம் தொடங்கியது.

அவசரமில்லாத நடை. நெருங்கி வந்தது. வாங்கின் பக்கத்தில் நின்றது.

வாங்கு காலியாக இருப்பதைப் பார்த்திருக்க வேண்டும்.

கதவின் பிடி மெல்லத் திரும்பியது.

அம்பன்வெல எழுந்தார். மேசையைப் பிடிக்காமல் எழுந்தார். பிடி முழுதாகத் திரும்புவதற்குள் முதுகைக் கதவில் கொடுத்து, இரண்டு கையையும் நிலையில் அகல வைத்துக்கொண்டார். எண்பத்தொரு வயது எலும்புகள் நொறுங்கிவிடும் போல வெளியிலிருந்து ஒரு தள்ளு. தேக்குக் கதவு முனகியது. அவர் நெஞ்சு முன்னால் வந்தது, கால் அசையவில்லை.

"இது பீடச் சபைக் கூட்டம்" என்றார். உரத்துச் சொல்லவில்லை. "உள்ள இருக்கிறது எங்க மாணவன். யாரும் கொண்டுபோக முடியாது."

இரண்டாவது தள்ளு.

ருக்மலி மேசையைச் சுற்றி ஓடிவந்து அவர் பக்கத்தில் தோளைக் கொடுத்தாள். கதவின் மறுபக்கம் பீடி வாசனை. நிதானமான மூச்சு. அவள் காதுக்கு மிக அருகில், மரத்துக்கு அப்பால், யாரோ மெல்லச் சிரித்தான்.

ஐந்து நிமிடம். கடிகாரம் பொய் சொல்லாவிட்டால் ஐந்தே நிமிடம்.

பிறகு சப்பாத்துகள் திரும்பிப் போயின.

அவர் அப்படியே கதவோடு சரிந்து உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வாயைக் கோட் கையால் துடைத்துக்கொண்டு, "எழுதிக்கங்க, மகள்" என்றார். "ஆறாம் விடயம், ஏற்றுக்கொள்ளப்பட்டது."

அவள் எழுதினாள். அவர் கையொப்பமிட்டார்.

வீட்டுக்குப் போகும்போது துணைக்கு யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சன்னலில் நின்று ருக்மலி பார்த்துக்கொண்டிருந்தாள். தூறலில் கிழவர் மெல்ல இறங்கிப் போனார். குடையைத் தனக்கு நேராகப் பிடிக்கவில்லை. இடப்பக்கமாக, ஓர் ஆளின் தலை உயரத்துக்கு, சாய்த்துப் பிடித்திருந்தார். அவருடைய வலத்தோள் முழுக்க நனைந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் நாலு பத்துக்கு யாரும் தட்டவில்லை. நாலே கால் வரைக்கும் அவள் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நடை வெறும் நடையாக இருந்தது. நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அம்மாவின் கட்டிலை வெளியே எடுத்துப்போட்ட அன்றைக்கு வீடு எப்படி இருந்ததோ, அந்த அறை அப்படி இருந்தது.

கூட்டறிக்கைகளையும் கடிதத்தையும் புதிய தாளையும் ஒரே உறையிலிட்டு ஒட்டினாள். ஒரு தாளையும் கிழிக்கவில்லை. மிச்சப் பெட்டிகளைக் கொழும்பு சுவடிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லிப் பதிவாளருக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்தாள். ஐந்தரைக்குக் கடைசி பஸ். போகும் வழியில் பேராசிரியரிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று பெட்டியோடு பின்பக்க ஒழுங்கைக்குத் திரும்பினாள்.

கதவு உடனே திறக்கவில்லை. "யாரு?" என்ற குரல் கதவுக்கு மிக அருகிலிருந்து வந்தது.

"ருக்மலி, சேர். போய்ட்டு வர்றேன்னு சொல்ல வந்தேன்."

மேல் தாழ்ப்பாள், நடுத் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் மூன்றும் ஒவ்வொன்றாக விலகின. அம்பன்வெல நேற்றைய கோட்டையே போட்டிருந்தார். இரவு தூங்கவில்லை என்று கண்கள் காட்டின. ஆனால் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

விரலை உதட்டில் வைத்தார்.

"மெதுவாப் பேசுங்க. தூங்குறான்."

ருக்மலி அவரையே பார்த்தாள்.

"இருபத்தொன்பது வருஷமா அந்த வாங்குல நிமிர்ந்தே உக்காந்திருக்கான், பாருங்க. படுத்ததும் தூங்கிட்டான்."

உள் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அரையிருட்டில் ஒரு கட்டில், கொசுவலை. போர்வைக்குக் கீழே ஒன்றும் இல்லை. தட்டையாகக் கிடந்தது. ஆனால் மூச்சு கேட்டது. ஆழமான, இளம் மூச்சு. கிழவர் பேசிக்கொண்டிருந்தபோதே அது கேட்டது. அவர் பேச்சை நிறுத்திய பிறகும் கேட்டது.

அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். பின்னால் மூன்று தாழ்ப்பாளும் விழுந்தன. ஒழுங்கையில் மூடுபனி இறங்கியிருந்தது. வீட்டுக் கேற்றைத் திறக்கக் கை வைத்தவள் அப்படியே நின்றாள்.

எங்கோ மிக அருகில் ஓர் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

ஒழுங்கை காலியாகத்தான் இருந்தது. கேற்றுக்கு எதிரே, நனைந்த புல் இரண்டு கோடாக அமுங்கிக் கிடந்தது. அந்தக் கோடுகளுக்கு மேலே மழை விழவில்லை. மழைத்துளிகள் இடுப்புக்கு மேலே எதிலோ பட்டுத் தெறித்து, இரண்டு பக்கமாக வழிந்தன.

ருக்மலி திரும்பி நடந்தாள். ஓடவில்லை; ஓடினால் கேட்டுவிடும் என்று தோன்றியது. கதவைத் தட்டவில்லை. இடுக்கில் வாயை வைத்து, "நான்தான், சேர்" என்றாள்.

அவர் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"நேற்றே வந்துட்டாங்க" என்றார் நிதானமாக. "நிக்கட்டும். உங்க பஸ்ஸை விட்டுடுவீங்களே, மகள்?"

"போனா போகட்டும், சேர்" என்றாள் ருக்மலி. பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு, மூன்று தாழ்ப்பாளையும் தன் கையாலேயே போட்டாள்.

வெளியே எஞ்சின் நின்றது.

ஜீப்பின் கதவொன்று மூடும் சத்தம். இன்னொரு கதவு. இன்னொன்று.

உள் அறையில், தூங்கிக்கொண்டிருந்தவனின் மூச்சு சட்டென்று நின்றது. கட்டில் ஒருதரம் கிறீச்சிட்டது.